பள்ளிக் கிணறும் நமது சங்கங்களும்

ஊருக்கு ஒரு கிணறு வெட்டுவித்தல் பெரும் புண்ணியம் என்பது நம் முன்னோர் கொண்ட துணிபு. அவர்கள் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். ஆடு மாடுகளுக்குத் தொட்டி கட்டினர். கோயிலுக்கு நந்தவனக் கிணறு தோண்டினர். அந்த நல்லெண்ணம் இன்றும் மறையவில்லை. நம் கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒரு கிணறோ, ஆழ்குழாயோ, நீர் சுத்திகரிக்கும் இயந்திரமோ இருக்கக் காண்கிறோம். அதனருகே பதித்த கல்லில் வழங்கியவர் பெயரும், திறந்து வைத்தவர் பெயரும், திறந்த நாளும் தவறாது பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதனைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்பது மட்டும் எந்தக் கல்லிலும் காணப்படுவதில்லை.

இக்குறையினால் நேர்வதை அங்கத்தினர் யாவரும் அறிவர். முதலாண்டில் நீர் தெளிவாக வருகிறது. இரண்டாம் ஆண்டில் மோட்டார் பழுதாகிறது. தலைமை ஆசிரியர் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒருமுறை சீர் செய்கிறார். மறுமுறை அவருக்கு மாறுதல் வந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் கைப்பிடிச் சுவர் இடிந்து, கிணற்றில் சருகும் பிளாஸ்டிக் பையும் மிதக்கின்றன. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் நீர் சுமந்து வருகின்றனர். போத்தல் இல்லாத பிள்ளை அடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறது.

கிணறு வெட்டுவது தர்மம். கிணற்றைக் காப்பது கணக்கு. தர்மம் ஒரு நாளில் முடியும். கணக்கு ஆண்டுதோறும் எழுதப்பட வேண்டும். கிராமத்தில் ஆண்டுதோறும் கணக்கெழுதி, தணிக்கைக்கு உட்பட்டு, மகாசபையின் முன் விடை கூறும் பழக்கமுடைய அமைப்புகளில் கூட்டுறவுச் சங்கம் முதன்மையானது. ஆதலின் பள்ளிக் குடிநீரைக் காக்கும் பொறுப்பில் நமது நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் பங்கேற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உணவு வந்தது; நீர்?

நம் மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தவற்றுள் உணவுக்குச் சிறப்பிடம் உண்டு. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டில், மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. ஒரு குழந்தை நாளில் இரு வேளை பள்ளியிலேயே உண்ணும் நிலை இன்று ஏற்பட்டிருக்கிறது.

இரு வேளை உணவென்றால் அரிசி களையவும், பருப்பு வேகவைக்கவும், தட்டு கழுவவும், கை கழுவவும், குடிக்கவும் நீர் வேண்டும். அரிசியும் பருப்பும் நல்லனவா என்று பார்த்து வாங்குகிறோம். அவற்றை வேகவைக்கும் நீரைப் பார்ப்பவர் யார்? நல்ல சோறும் கெட்ட நீரும் ஒரே வயிற்றுக்குள் சென்றால், சோற்றின் பயனை நீர் அழித்துவிடும். வயிற்றுப்போக்கினால் வாரத்தில் இரு நாள் வராத பிள்ளைக்கு எந்தப் பாடம் நிற்கும்?

தெளிவு வேறு, தூய்மை வேறு

கண்ணுக்குத் தெளிவான நீரெல்லாம் நல்ல நீர் என்று நம்மவர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். குடிநீர்க் கேட்டினை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது கிருமி. கழிப்பிடக் குழி, சாக்கடை, மாட்டுக் கொட்டில் ஆகியவற்றின் கசிவினால் இது கிணற்றில் சேர்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோலின்படி, 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது. இதனைக் காய்ச்சியும், பிளீச்சிங் பவுடர் இட்டும் போக்கலாம்.

இரண்டாவது ஃபுளோரைடு. பாறையிலிருந்து நீரில் கரையும் இப்பொருளால் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. அளவு மிகுந்து நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, 1937-ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதன் கொடுமை மிகுந்திருந்தமையாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று 2013-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று; வேறு நீர் கிடைக்காவிடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்பது அளவுகோல். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கிணறு வற்றினால் இன்னும் ஆழமாகத் துளையிடுவதே வழியென்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். பாறைப் பகுதிகளில் ஆழம் செல்லச் செல்ல ஃபுளோரைடு மிகுவது பலவிடங்களில் கண்ட உண்மை.

மூன்றாவது, நாமே நிலத்தில் சேர்க்கும் பொருள்கள். இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது.

கேட்டில் நமது பங்கு

வயலுக்கு இடும் யூரியா முழுவதையும் பயிர் உண்பதில்லை. மிகுந்தது நைட்ரேட்டாக மாறி, பாசன நீரோடு இறங்கி, நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மிகுமாயின், பால் மாவை அந்நீரில் கரைத்துக் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். இதுவும் காய்ச்சினால் போவதன்று. பள்ளிக் கிணறு பெரும்பாலும் வயல்களை ஒட்டியே இருக்கிறது. அங்கன்வாடியும் அதே நீரையே எடுக்கிறது.

நெசவாளர் பங்கும் இதற்குக் குறைந்ததன்று. நூலுக்குச் சாயமேற்றக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் உப்பும் பயன்படுகின்றன. சாயம் நூலைப் பற்றிக்கொள்கிறது. உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. தொட்டியில் தேக்கி வைத்தால் வண்டல் அடியில் படியும், உப்பு படியாது. அது மண்ணுள் இறங்கிக் கிணறு தேடிச் செல்லும்.

இதன் விளைவை நொய்யல் ஆறு நமக்குக் காட்டியிருக்கிறது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென 1992-ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கி அவ்வணையில் தேங்கிற்று. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீரைத் தங்கள் நிலத்துக்குத் திறந்துவிடலாகாது என்று விவசாயிகளே வேண்டும் விபரீதம் நேர்ந்தது. ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகத் திரண்டு வழக்காடினர். 2006-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அது நிறைவேறாமையால், கழிவு ஒரு துளியும் வெளியேறா நிலை எய்தும் வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆணை பிறந்தது. அன்று பிழைப்பை இழந்த தொழிலாளியும், முன்னரே நிலத்தை இழந்த விவசாயியும் ஒரே ஆற்றங்கரையைச் சேர்ந்தவர்களே.

பெரிய பட்டறைகள் செய்த கேட்டுக்குச் சிறு தறிக்காரன் என் செய்வான் என்று கேட்கலாம். உண்மையே. ஆயினும் நமது சங்கத்தின் சாயத்தொட்டி பள்ளிக் கிணற்றுக்கு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதை அளக்க நீதிமன்ற ஆணை வேண்டியதில்லை. ஓர் அளவுநாடா போதும்.

சில ஆட்சேபங்கள்

"இது அரசின் கடமை, பஞ்சாயத்தின் கடமை. சங்கம் ஏன் தலையிட வேண்டும்?" என்பது முதல் ஆட்சேபம். நீர் வழங்குவது அரசின் கடமையே. அதிலிருந்து அரசை விடுவிக்குமாறு நாம் கூறவில்லை. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆளுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீரைக் குழாய் மூலம் தர வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் இணைப்புத் தரும் 100 நாள் இயக்கம் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிற்று. குழாய் வந்துவிட்ட ஊர்கள் பல. ஆயினும் மின்சாரம் தடைப்பட்ட நாளும், குழாய் உடைந்த நாளும், கோடையில் முறை வைத்து நீர் விடும் நாளும் பள்ளி நாட்களே. அந்நாட்களில் பிள்ளைகள் கிணற்றடிக்கே செல்கின்றனர். குழாய் வந்ததென்று கிணற்றைக் கைவிடுவது, புது வேட்டி வந்ததென்று பழைய வேட்டியை எரிப்பது போலாகும்.

"எங்கள் சங்கமே நட்டத்தில் நடக்கிறது" என்பது இரண்டாவது ஆட்சேபம். நட்டத்திலுள்ள சங்கம் பணம் ஈய வேண்டுமென்று யாரும் கேட்கவியலாது. ஆயினும் பள்ளிக்கு வேண்டியவற்றுள் பணம் ஒன்றே அன்று. நீர் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்ல ஓர் ஆள், கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம், கோடையில் தூர் வார இருபது கைகள் ஆகியவற்றைத் தர நட்டம் தடையாகாது.

"சட்டம் இடந்தருமா?" என்பது மூன்றாவது. கூட்டுறவின் சட்டங்களில் இக்கருத்து புதிதன்று. நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கைச் சேமநிதியில் சேர்த்தபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளர் அனுமதியுடன் தர்ம காரியத்துக்கு ஈயலாம் என்று 1912-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுறவுச் சட்டமே வகை செய்தது. இன்று நம் சங்கங்கள் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றன. ஒவ்வொரு சங்கமும் தன் துணைவிதிகளைப் புரட்டி, பொதுநல நிதிக்கு உள்ள இடத்தைக் காண்க. ஐயமுளதாயின் சரகத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்க. விதியை மீறி ஒரு காசும் செலவிடுமாறு நாம் கூறோம். விதி தந்த இடத்தை வெறிதே விட வேண்டாம் என்றே கூறுகிறோம்.

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்தவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். வறுமையினின்று எழுந்த அவர்கள், கடை நிலைபெற்றபின் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். 1995-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏழாவது கோட்பாடாகச் சமுதாய நலனில் அக்கறையை ஏற்றது. பள்ளிக் கிணறு அக்கோட்பாட்டுக்குப் புறம்பானதாயின், வேறெது உட்பட்டதாகும்?

சங்கத்துக்குத் தெரிந்த தொழில்

இப்பணிக்குப் புதிய கல்வி ஏதும் வேண்டியதில்லை. நாள்தோறும் செய்யும் தொழிலையே நீருக்கும் செய்தல் போதும். நூலின் நம்பரைச் சரிபாராமல் நெசவாளர் பாவு ஓட்டுவதில்லை. சங்கத்துக்கு வரும் சேலையை நீளம், அகலம், இழை எண்ணிப் பாராமல் வரவு வைப்பதில்லை. பால் சங்கத்தில் ஒவ்வோர் அங்கத்தினர் பாலுக்கும் கொழுப்புச் சோதனை காலையும் மாலையும் நடக்கிறது. விற்கும் பாலுக்கு நாளில் இருமுறை சோதனை. நம் பிள்ளைகள் குடிக்கும் நீருக்கு ஆண்டில் ஒருமுறையும் இல்லையெனில், அது நமக்கு அழகாகுமா?

அவ்வாறே தேய்மானமும். சங்கத்தின் தறிக்கும், தராசுக்கும், நாற்காலிக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். பொருள் ஓயும் முன்னரே அதற்கு மாற்றுப் பொருளுக்குரிய தொகையைச் சேர்த்து வைப்பதே இதன் தத்துவம். பள்ளியின் மோட்டாரும் ஒரு நாள் ஓயும் என்பதை அறியாதார் இல்லை. ஆயினும் அதற்குத் தேய்மானம் எழுதுவார் இல்லை. சுத்திகரிப்பு இயந்திரம் வழங்குவோர் அதன் சவ்வினைக் காலந்தோறும் மாற்றுவதற்கு வழி செய்யாது போவதும் இக்குறையே. ஓய்ந்துபோன இயந்திரம் வகுப்பறை மூலையில் துணி போர்த்தி நிற்கும் காட்சியை ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் நாம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டதுண்டு.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கனவாகக் கீழ்க்கண்டவற்றைக் கூறுகிறோம்.

1. சோதனை. ஆண்டில் இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், பள்ளி நீரின் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புக. முடிவைக் கோப்பில் கட்டிவைப்பதோடு நில்லாது, சங்கப் பலகையிலும் பள்ளிச் சுவரிலும் எழுதுக. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் அதனை உரக்கப் படிக்கச் செய்க.

2. கிணற்றின் அமைப்பு. கழிப்பிடக் குழியும் சாயத்தொட்டியும் எருக்குழியும் கிணற்றுக்கு 50 அடிக்குள் இருத்தலாகாது. சாயநீரின் உப்பு இத்தூரத்தையும் கடந்து செல்லுமாதலின், அத்தொட்டியை எவ்வளவு விலக்கினும் நன்று. உட்சுவர் 20 அடி ஆழம் வரை கசியாது பூசப்பெற வேண்டும். கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் மூன்றடிக்குக் குறையாத சிமெண்டு மேடையும், நீர் வடிய வாய்க்காலும், மேலே மூடியும் வேண்டும். ஆளாளுக்கு ஒரு வாளி இறக்குவதை நிறுத்திக் கைப்பம்பு அமைத்தல் நலம்.

3. கிருமி நீக்கம். ஆயிரம் லிட்டர் நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது கணக்கு. குறுக்களவு 3 மீட்டரும் நீரின் ஆழம் 4 மீட்டரும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் நீர் உண்டு. அதற்கு 70 கிராம் வேண்டும். தூளைச் சிறிது நீரில் குழைத்து, பின் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல் நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்குக. ஒரு மணி நேரமேனும் நீர் இறைக்கலாகாது. மாலையில் செய்தால் காலைக்கு நீர் பக்குவமாகும். கலங்கிய நீருக்கு இவ்வளவு போதாது. முதலில் தூர் வாருதல் வேண்டும். திறந்து வைத்த பையின் தூள் வீரியமிழந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

4. மழைநீர். பள்ளிக் கூரையின் மழைநீரை வடிகட்டிக் கிணற்றருகே நிலத்துள் செலுத்துக. நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாய்களுள் இன்று அடைபடாதிருப்பவை எத்தனை என்று சென்று பார்த்தல் தகும்.

5. கணக்கு. பள்ளிக் குடிநீருக்கென ஒரு தனிக் கணக்கு திறந்து, மோட்டார், கயிறு, மூடி, சவ்வு ஆகியவற்றின் தேய்மானத் தொகையை ஆண்டுதோறும் அதில் சேர்க்குக. சங்க ஊழியர் ஒருவர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய், ஆசிரியர் ஒருவர் ஆக மூவர் அதனைக் கவனிக்கட்டும். அவர்கள் பெயரையும் அந்தக் கல்லில் பொறிக்கட்டும்.

யாவர்க்கும் ஒரே நீர்

இறுதியாக ஒன்று. இதனைக் கூறாது விடின் மேலே கூறிய யாவும் பயனற்றுப் போகும். நம் நாட்டில் கிணற்றுக்கும் சாதி வைத்திருந்தோம். 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் யாவர்க்கும் உரியன என்று நிறுவியது. ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஆயினும் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டு நாடு தலைகுனிந்தது. பிளீச்சிங் பவுடரால் போக்கவியலாத அழுக்கு இது.

கூட்டுறவில் பங்குத் தொகை பெரிதாயினும் சிறிதாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கே உண்டு. அந்தச் சமத்துவம் சங்கக் கட்டடத்தின் வாயிற்படியோடு நின்றுவிடலாகாது. பள்ளிக் கிணற்றடியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பம்பில் ஒரே குவளையில் பருகும்படி பார்த்துக்கொள்ளும் சங்கமே பெயருக்கேற்ற கூட்டுறவுச் சங்கமாகும்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் லாபப் பங்கீடு பற்றிய தீர்மானம் படிக்கப்படும்போது, அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "நம் ஊர்ப் பள்ளியின் நீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?" என்று கேட்பாராக. நிர்வாகக் குழுவினருக்கு விடை தெரிந்திருந்தால் மகிழ்வோம். தெரியாதாயின், அக்கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்து, விடை கூற ஒரு நாளும் குறிக்குமாறு அங்கத்தினர் வற்புறுத்துவாராக. வேலை அந்த நாளிலிருந்து தொடங்கட்டும்.